உங்களுக்குத் தெரியுமா? முடியாமல் நிற்கும் கார்ட்

கிட்டார் எடுத்து இரண்டு மூன்று மாதம் ஆனதும், பாட்டுப் புத்தகத்தில் ஜி7, டி7 என்று எண் ஒட்டிய கார்டுகள் தலைகாட்டத் தொடங்கும். மேஜரும் மைனரும் பழகிய கை அங்கே தயங்கும். பலர் எண்ணைக் கண்டுகொள்ளாமல் வெறும் ஜி, வெறும் டி வாசித்து ஒப்பேற்றிவிடுகிறார்கள். மும்பையில், செம்பூரிலும் தாராவியிலும் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் என்ற முறையில் எனக்கு இது பெரிய மனக்குறை. நம் வீட்டுக் காதுகளுக்கு இந்தக் கார்ட் புதியதே இல்லை. இந்த வாரம் முழுக்க அதைப் பற்றித்தான்.

★ ஜி7 என்பதில் உள்ள 7, ஏழாவது ஃப்ரெட்டைக் குறிப்பதில்லை. அது ஏழாவது சுரம், நிஷாதம். சி மேஜர் என்றால் ச, க, ப. அதோடு கைசிகி நிஷாதத்தைச் சேர்த்தால் சி7. முழுப்பெயர் டாமினன்ட் செவன்த். வாசிக்கிறவர்கள் ‘செவன்த்’ என்று மட்டும் சொல்வார்கள்.

★ எந்த நிஷாதம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேல் ஷட்ஜத்திலிருந்து இரண்டு ஃப்ரெட் கீழே இருப்பது கைசிகி. ஒரே ஒரு ஃப்ரெட் கீழே இருப்பது காகலி. காகலியைச் சேர்த்தால் அது ‘மேஜர் செவன்த்’ என்னும் வேறு கார்ட். மாலை நேரத்துக் காற்று மாதிரி மெத்தென்று ஒலிக்கும். சி7 என்று கேட்ட இடத்தில் அதை வாசித்தால், மோருக்குப் பதில் பாலை ஊற்றிய மாதிரி ஆகிவிடும். இரண்டும் வெள்ளைதான், வேலை வேறு.

★ செவன்த் கார்ட் கடினம் என்று நினைக்கிறீர்களா? ஈ மேஜருக்கு மூன்று விரல் வேண்டும். நான்காம் கம்பியில் இருக்கும் விரலை மட்டும் எடுத்துவிடுங்கள், அதுவே ஈ7. இரண்டு விரல் போதும். ஏ மேஜரிலும் அப்படியே: மூன்றாம் கம்பி விரலை எடுத்தால் ஏ7. மேஜரைவிடச் செவன்த் சுலபமாக இருக்கும் இடங்கள் இவை. முதல் நாளே ஈ7-ஐக் கற்றுக்கொடுத்து, அப்புறம் ஈ மேஜருக்குப் போகலாம் என்பது என் கட்சி.

★ டி மேஜரில் மூன்று விரல்களும் சேர்ந்து ஒரு முக்கோணம் போடும். அதன் கூர்முனை கிட்டாரின் உடல் பக்கம் பார்க்கும். டி7-இல் அதே முக்கோணம் திரும்பிக்கொண்டு தலைப்பக்கம் பார்க்கும். மாறியது இரண்டாம் கம்பி மட்டும்தான். மூன்றாம் ஃப்ரெட்டில் இருந்த டி, முதல் ஃப்ரெட்டுக்கு இறங்கி சி ஆகிறது. ஷட்ஜம் இரண்டு படி இறங்கினால் கைசிகி நிஷாதம் வரும் என்பதை விரலாலேயே பார்க்கும் இடம் இது.

★ ஜி7-இலிருந்து சி-க்குப் போகும்போது உங்கள் விரல்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஜி7-இல் மோதிர விரல் ஆறாம் கம்பியின் 3-ஆம் ஃப்ரெட்டில், நடுவிரல் ஐந்தாம் கம்பியின் 2-ஆம் ஃப்ரெட்டில், ஆள்காட்டி விரல் முதல் கம்பியின் 1-ஆம் ஃப்ரெட்டில் இருக்கும். சி-க்கு வரும்போது மோதிர விரல் ஐந்தாம் கம்பிக்கும், நடுவிரல் நான்காம் கம்பிக்கும், ஆள்காட்டி இரண்டாம் கம்பிக்கும் போகும். ஃப்ரெட் மாறுவதே இல்லை. 3, 2, 1 அப்படியே இருக்க, ஒவ்வொரு விரலும் பக்கத்துக் கம்பிக்குத் தாவுகிறது. மூன்று விரலையும் ஒன்றாகத் தூக்கி ஒன்றாக வையுங்கள். ஒவ்வொன்றாக வைத்தால் தாளம் போய்விடும்.

★ தாராவியில் 90 அடிச் சாலைக்கு உள்ளே, தோல் பை தைக்கிற ஒரு வீட்டுப் பையன் என்னிடம் கற்கிறான். வீட்டு வேலைக்குக் கை கொடுத்துக் கொடுத்து, ஊசி நூல் இழுத்த விரல் நுனிகள் ஏற்கெனவே காய்த்துப் போயிருந்தன. மற்றவர்கள் கம்பி அழுத்தி வலிக்கிறது என்று ஒரு மாதம் முனகுவார்கள். அவனுக்கு அந்த மாதமே வேண்டியிருக்கவில்லை. முதல் முறை ஜி7-ஐ அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். “அண்ணே, இது முடியாம நிக்குதேண்ணே” என்றான். டாமினன்ட் செவன்த்தை இதைவிடச் சரியாகச் சொன்ன புத்தகத்தை நான் படித்ததில்லை.

★ ஏன் முடியாமல் நிற்கிறது? ஜி7-க்குள் பி, எஃப் என்று இரண்டு சுரங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே ஆறு ஃப்ரெட் தூரம். எட்டுச்சுர வீட்டை நட்டநடுவில் இரண்டாகப் பிளக்கிற தூரம் அது, காது அதில் நிலைகொள்ளாது. பி அரைச்சுரம் ஏறி சி-யில் சேர விரும்பும். எஃப் அரைச்சுரம் இறங்கி ஈ-யில் சேர விரும்பும். இரண்டும் நடந்தால் சி கார்ட் வந்துவிடுகிறது. இப்போது மறுபடி ஆள்காட்டி விரலைப் பாருங்கள். ஜி7-இல் முதல் கம்பியில் இருந்த அது இரண்டாம் கம்பிக்குத் தாவியதும், விடுபட்ட முதல் கம்பி எஃப்-இலிருந்து ஈ-க்கு இறங்குகிறது, அழுந்திய இரண்டாம் கம்பி பி-யிலிருந்து சி-க்கு ஏறுகிறது. இரண்டு தீர்வையும் ஒரே விரல் ஒரே தாவலில் முடித்துவிடுகிறது.

★ லோக்கல் ரயிலில் குர்லா தாண்டியதும் ‘அடுத்த ஸ்டேஷன்’ என்று மராத்தி, இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் குரல் வரும். சயானோ மாட்டுங்காவோ, இறங்குகிறவர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் நகர்வார்கள். ரயில் இன்னும் நிற்கவில்லை, ஆனால் உடம்பு இறங்கத் தயாராகிவிட்டது. செவன்த் கார்ட் அந்த அறிவிப்பு. அதைக் கேட்டதுமே அடுத்து எங்கே இறங்கப் போகிறோம் என்று காதுக்குத் தெரிந்துவிடுகிறது. வெறும் ஜி-யிலிருந்தும் சி-க்குப் போகலாம்தான், அறிவிப்பு இல்லாமல் ஸ்டேஷன் வருகிற மாதிரி.

★ செம்பூரில் எங்கள் மாடியில் வீணை சொல்லிக்கொடுக்கும் மாமி ஒருவர் இருக்கிறார். நான் ஒரு பெண்ணுக்கு ஜி7-ஐ விளக்க டானிக், டாமினன்ட் என்று திணறிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்று கேட்டார். “ஏண்டா, ப நி ரி ம தானே இது? அதுக்கு எதுக்கு இத்தனை இங்கிலீஷ்?” என்றார். சி-யை ஷட்ஜமாக வைத்தால் ஜி பஞ்சமம், பி நிஷாதம், டி ரிஷபம், எஃப் மத்யமம். ப நி ரி ம. அன்றிலிருந்து நானும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன். வாய்விட்டு ப-நி-ரி-ம என்று பாடிவிட்டு ச-க-ப என்று முடித்துப் பாருங்கள். கிட்டாரே வேண்டாம், விஷயம் புரிந்துவிடும்.

★ இந்த ப நி ரி ம, சங்கராபரணத்துக்கும் கீரவாணிக்கும் ஒன்றேதான். பஞ்சமம், காகலி நிஷாதம், சதுச்ருதி ரிஷபம், சுத்த மத்யமம் இரண்டிலும் அப்படியே இருக்கின்றன. காந்தாரமும் தைவதமும்தான் மாறுகின்றன. அதனால்தான் ஈ7 வாசித்துவிட்டு ஏ மேஜருக்கும் போகலாம், ஏ மைனருக்கும் போகலாம். வாசல் ஒன்று, வீடு இரண்டு. தமிழ் சினிமாவின் சோகப் பாட்டுகளைக் கிட்டாரில் எடுக்கப் பார்க்கிறவர்கள் ஏ மைனர், டி மைனர், ஈ7 என்ற மூன்றை முதலில் பழகிக்கொள்வது நல்லது. ஈ7-க்குப் பதில் ஈ மைனர் வாசித்தால் அந்த இழுப்பு வராது. ஜி ஷார்ப் என்கிற நிஷாதம்தான் ஷட்ஜத்தைத் தேடி ஏறுகிற சுரம்.

★ இது நான் மிகவும் விரும்பும் கணக்கு. நம் பாட்டுக்காரர்கள் சுருதியை ‘கட்டை’யில் சொல்வார்கள். ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. கிட்டாரில் தொடக்க நிலையினர் கற்கும் திறந்த செவன்த் கார்டுகளும் ஆறுதான். அந்த ஆறும் இந்த ஆறு கட்டைக்கும் சரியாகப் பொருந்துகின்றன. ஒரு கட்டைக்கு ஜி7, இரண்டுக்கு ஏ7, மூன்றுக்கு பி7, நான்குக்கு சி7, ஐந்துக்கு டி7, ஆறுக்கு ஈ7. ஒன்றுகூட மிச்சமில்லை, ஒன்றுகூடக் குறைவில்லை. சூத்திரம் ஒன்றே: சுருதியின் பஞ்சமத்தில் நிற்கும் செவன்த். பஜனையில் யாராவது “ரெண்டு கட்டைப்பா” என்றால் டி-யும் ஏ7-உம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். ஆண்குரல் பாட்டுகள் பல ஒன்று, ஒன்றரைக் கட்டையில் வரும். ஒன்றரை என்றால் முதல் ஃப்ரெட்டில் காப்போ மாட்டிக்கொண்டு ஒரு கட்டைக் கார்டுகளையே வாசிக்க வேண்டியதுதான்.

★ சங்கராபரணத்தைப் பஞ்சமத்திலிருந்து தொடங்கிப் பாடினால் ஹரிகாம்போஜி பிறக்கும். கிரகபேதம் படித்தவர்களுக்கு இது பாலபாடம். பஞ்சமத்தில் நிற்கும் கார்ட்டுக்குச் செவன்த் இயல்பாக வருவதற்குக் காரணமும் இதுவே. ஜி7-இன் நான்கு சுரங்களை ஜி-யையே ஷட்ஜமாக வைத்துப் பார்த்தால் ச க ப நி, ஹரிகாம்போஜியின் எலும்புக்கூடு. பழந்தமிழிசையின் செம்பாலைதான் இந்த ஹரிகாம்போஜி என்பது தமிழிசை ஆய்வாளர் பலரின் கருத்து. அப்படியென்றால் இந்த நான்கு சுரங்களும் நமக்கு நேற்றுக் கப்பலில் வந்தவை அல்ல. அவற்றை ஒரே நேரத்தில் ஒலிக்கவிடும் பழக்கம்தான் வந்தது.

★ 72 மேளகர்த்தாக்களில் ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம், கைசிகி நிஷாதம் நான்கும் இருப்பவை எத்தனை? பன்னிரண்டு. வகுளாபரணம், சக்கரவாகம், சாருகேசி, ஹரிகாம்போஜி, ராகவர்த்தனி, வாகதீஸ்வரி, நாமநாராயணி, ராமப்ரியா, ரிஷபப்ரியா, வாசஸ்பதி, ஜ்யோதிஸ்வரூபிணி, நாசிகாபூஷணி. சாருகேசியும் வாசஸ்பதியும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம்! ஆனாலும் இரண்டுக்கும் அடியில் ஒரே செவன்த் கார்ட் இருக்கிறது.

★ செவன்த் கார்ட்டோடு இன்னும் ஒரே ஒரு சுரம் சேர்த்தால் ஒரு ராகமே கிடைக்கும். ச க ப த நி என்றால் வலஜி. மகாராஷ்டிரத்தில் இதே சுரங்களை இந்துஸ்தானிக்காரர்கள் கலாவதி என்று பாடுகிறார்கள். கர்நாடக இசையில் கலாவதி என்ற பெயரில் இருப்பது வேறு ராகம், குழப்பிக்கொள்ள வேண்டாம். டி7-ஐ மெல்லத் தட்டிக்கொண்டு, டி-யை ஷட்ஜமாக வைத்து வலஜியின் ஆரோகணம் பாடிப் பாருங்கள். உதைக்கவே உதைக்காது.

★ ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆலாபனைக்கு அடியில் கார்ட் தட்டுவதை நான் செய்வதுமில்லை, செய்யச் சொல்வதுமில்லை. காம்போஜியின் நிஷாதம் ஓர் இடத்தில் நிற்கும் புள்ளியல்ல, அசையும் உயிர். ஃப்ரெட்டில் அழுந்திய நிஷாதம் அதன்மேல் முட்டும். 1952-இல் தொடங்கிய ஷண்முகானந்த சபாவின் அரங்கில், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போய் உட்கார்ந்து ஒரு நல்ல கச்சேரி கேட்டுவிட்டு வந்தால் இது தானே விளங்கும். கார்டுக்கு உரிய இடம் மெல்லிசை, திரைப்பாட்டு, கூட்டுப்பாட்டு, தேவாலயப் பாட்டு.

★ சி7 போடும்போது சுண்டு விரல் அழும். சி கார்ட் அப்படியே இருக்க, மூன்றாம் கம்பியின் 3-ஆம் ஃப்ரெட்டில் சுண்டு விரலை வைக்க வேண்டும். இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. மூன்றாம் கம்பியைத் திறந்து விட்டால் ஜி ஒலிக்கும், அது சி-யின் பஞ்சமம். அதை அழுத்தி நிஷாதம் ஆக்கிவிட்டதால் இந்த வடிவத்தில் பஞ்சமமே கிடையாது. ஆறு திறந்த செவன்த்களில் பஞ்சமம் இல்லாதது இது ஒன்றுதான். இல்லை என்று யாரும் கேட்டதில்லை. காந்தாரமும் நிஷாதமும் இருந்தால் காது மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

★ அந்தச் சி7 வடிவத்தை ஒரு ஃப்ரெட் கீழே நகர்த்தினால் பி7. இரண்டாம் கம்பியைத் தாங்கிய ஆள்காட்டி விரல் ஃப்ரெட் இல்லாத இடத்துக்குப் போய்விடுவதால், விரல்களை மாற்றிப் போட்டு முதல் கம்பிக்கு 2-ஆம் ஃப்ரெட் கொடுப்பார்கள். மேலே இரண்டு ஃப்ரெட் நகர்த்தினால் டி7, நான்கு நகர்த்தினால் ஈ7. மேலே நகர்த்தும்போது இரண்டு ஓரக் கம்பிகளையும் தொடாமல் நடு நான்கு மட்டும் அடிக்க வேண்டும். ஒரே படத்தில் பல கார்ட்.

★ ப்ளூஸ் இசையின் அடிப்படைச் சுற்று 12 பார், பாருக்கு நான்கு எண்ணிக்கை, மொத்தம் 48. ஆதி தாளத்துக்கு 8 எண்ணிக்கை, ஆறு ஆவர்த்தனம் போட்டால் அதே 48. ஒருவர் கையில் தாளம் போட, இன்னொருவர் இதை வாசிக்கலாம். முதல் இரண்டு ஆவர்த்தனம் ஈ7. மூன்றாவது ஏ7. நான்காவது ஈ7. ஐந்தாவதுதான் அழகு: லகுவின் நான்கு எண்ணிக்கைக்கு பி7, இரண்டு துருதங்களுக்கு ஏ7. கார்ட் மாறும் இடமும் லகு முடிந்து துருதம் தொடங்கும் இடமும் ஒன்றாக வரும். ஆறாவதில் லகுவுக்கு ஈ7, துருதங்களுக்கு பி7. அந்த பி7 உங்களை மறுபடி முதல் ஆவர்த்தனத்துக்குத் தள்ளிவிடும். மெட்ரோனோம் வேண்டாம், தொடையில் தட்டிக் கற்ற பிள்ளைகள் இதை ஒரே மாலையில் பிடித்துக்கொள்கிறார்கள். மிஸிஸிப்பி பக்கத்துப் பருத்திக்காட்டுக் கறுப்பினத் தொழிலாளர்களின் இசைக்கு நம் தாளம் இவ்வளவு சுலபமாகக் கை நீட்டுவது எனக்கு இன்னும் சிலிர்ப்பாகவே இருக்கிறது.

★ கவனித்தீர்களா, அந்தச் சுற்றில் மூன்றுமே செவன்த். வீடாக இருக்கும் ஈ-யும் செவன்த்தான். மற்ற இசையில் தீர்வைத் தேடி ஓடும் கார்ட், ப்ளூஸில் ஓடாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. மகிந்திரா ப்ளூஸ் விழா 2011-இல் பாந்த்ராவின் மெஹபூப் ஸ்டுடியோவில் தொடங்கியபோது ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பட்டி கை (Buddy Guy) மேடையேறினார். செவன்த் கார்ட்டை மூச்சாக வைத்திருந்த ஒரு தலைமுறையின் ஆள் அவர்.

★ 1963 பிப்ரவரி 11 அன்று பீட்டில்ஸ் குழு பதிவு செய்த ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’டில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் இடம் ஒன்று வரும். அது ஏ, சி ஷார்ப், ஈ, ஜி. அதாவது ஏ7-ஐக் குரலாலேயே கல் வைத்துக் கட்டுகிறார்கள். நான்காவது சுரம் சேர்ந்த நொடியில் உண்டாகும் பரபரப்புக்குப் பெயர்தான் கைசிகி நிஷாதம். செவன்த் எப்படி ஒலிக்கும் என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான்.

★ பிறந்தநாள் பாட்டுக்கு ஜி, டி7, சி மூன்றே போதும். மூன்று எண்ணிக்கையில் ஓடும் பாட்டு. முதல் அடி ஜி-யில் தொடங்கி டி7-இல் முடியும். இரண்டாம் அடி டி7-இல் தொடங்கி ஜி-யில் வந்து சேரும். கேள்வி ஒன்று, பதில் ஒன்று. மெட்டு அமெரிக்காவின் கென்டக்கியைச் சேர்ந்த ஹில் சகோதரிகளுடையது, 1893-இல் மழலையர் பள்ளிப் பாட்டாக அச்சானது.

★ தம்புராவின் மந்தர ஷட்ஜத்தைக் காது கொடுத்துக் கேட்டால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் அதிலிருந்து எழும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். கம்பி ஐந்து பங்காகப் பிரிந்து அதிர்வதால் அது வருகிறது. ஏழு பங்காகவும் அதிர்கிறது. அதில் எழுவது கைசிகி நிஷாதத்துக்கு மிக அருகில் உள்ள சுரம். கிட்டாரின் ஆறாம் கம்பியில் இரண்டாம் ஃப்ரெட்டுக்கும் மூன்றாம் ஃப்ரெட்டுக்கும் நடுவே, மூன்றை ஒட்டி, விரலால் அழுத்தாமல் தொட்டு மீட்டினால் தனியாகவே கேட்கலாம். ஃப்ரெட் கொடுக்கும் நிஷாதத்தைவிட அது சுமார் 31 சென்ட் தாழ்ந்திருக்கும், ஓர் அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவு. ஆக, 4:5:6:7 என்ற விகிதத்தில் செவன்த் கார்ட் ஒவ்வொரு கம்பிக்குள்ளும் முன்பே உட்கார்ந்திருக்கிறது. தம்புரா மீட்டத் தெரிந்த பிள்ளைகளிடம் இதைக் காட்டும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

★ ஐரோப்பாவில் ஒரு காலத்தில் கார்டின் இந்த ஏழாம் சுரத்தை முன்தயாரிப்பு இல்லாமல் நுழைப்பது குற்றம். இசையமைப்பாளர் மான்டெவர்டியின் பாடல்களில் முரண் சுரங்கள் தயார்ப்படுத்தாமல் வந்து விழுகின்றன என்று 1600-இல் ஆர்ட்டூசி என்பவர் நூல் எழுதியே கண்டித்தார். மான்டெவர்டி நிற்கிறார்.

★ ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1967-இல் ‘பர்பிள் ஹேஸ்’ பாட்டில் வாசித்த புகழ்பெற்ற கார்ட், ஈ7-இன் மேல் இன்னொரு சுரத்தை ஏற்றியது. அந்தச் சுரம் நம் கணக்கில் ஷட்ச்ருதி ரிஷபம். ஷட்ச்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், பஞ்சமம், கைசிகி நிஷாதம் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமானால் 34-ஆவது மேளம் வாகதீஸ்வரிக்குப் போங்கள்.

★ கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்ளின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். பிறகு சக்தி குழுவில், ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழித்த கிட்டார் ஒன்றைச் செய்வித்து வாசித்தார். வீணையின் மெட்டுகளுக்கு நடுவே இழுக்கிற மாதிரி கம்பியை இழுக்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்தக் குழுவில் பின்னாளில் சேர்ந்த சங்கர் மகாதேவன் நம் செம்பூரில் பிறந்தவர், வீணையில் தொடங்கியவர். சக்தியின் ‘திஸ் மொமென்ட்’ ஆல்பத்துக்கு 2024-இல் கிராமி கிடைத்தது.

★ செம்பூரில் ராஜ் கபூரின் ஆர்.கே. ஸ்டுடியோ இருந்த இடத்தை இன்றும் அப்பெயர் சொல்லித்தான் ஆட்டோவில் ஏறுகிறோம். ஆர்.கே. படங்களுக்குச் சங்கர்–ஜெய்கிஷன் போட்ட மெட்டுகள் பலவற்றுக்குக் கார்டும் இசைக்குழுவுக்கான பகுதிகளும் எழுதியவர் கோவாக்காரரான செபாஸ்டியன் டிசூசா. ஒற்றைக் குரலில் ஓடிக்கொண்டிருந்த இந்தித் திரைப்பாட்டுக்கு அடியில் கார்டுகளை விரித்ததில் கோவாவின் தேவாலயப் பள்ளிகளில் இசை படித்தவர்களுக்குப் பெரும் பங்கு. பட டைட்டிலில் அவர்களில் பலருடைய பெயர் வரவே இல்லை. அது நியாயமில்லை.

★ சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற இளையராஜா, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப்பதக்கம் வாங்கியவர். ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’வில் ஓடும் கிட்டார் ஆர். சந்திரசேகருடையது. அதைப் பார்த்துத்தான் நான் கிட்டார் கேட்டு அடம்பிடித்தேன்.

★ அடம்பிடித்து வாங்கிய முதல் கிட்டாரில் கம்பிகள் ஏணி வைத்து ஏற வேண்டிய உயரத்தில் இருந்தன. கடைக்காரர் “போகப் போகப் பழகிடும்” என்றார். பழகவில்லை, ஆறு மாதம் என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். 12-ஆவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே சுமார் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் கம்பியைத் தாங்கும் சேணத்தை (சாடில்) இறக்கித் தரச் சொல்லுங்கள். மும்பையின் பழைய இசைக்கருவிக் கடைகளில் ஒன்றான ஃபர்டாடோஸ், 1865-இலிருந்து இருக்கிறது. தோபி தலாவ் பக்கம் போய் நாலு கிட்டாரைக் கையில் எடுத்து ஈ7 போட்டுப் பார்த்தாலே உயரம் பிடிபடும்.

★ ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை மழையில் மரம் ஈரம் குடித்து உப்பும், கம்பி துருவேறும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைத்து, உறைக்குள் வையுங்கள். சுவரில் மாட்டி வைக்காதீர்கள். மழைக்கால வெளிச்சுவர் வியர்க்கும்.

★ ‘காலா’ (2018) படத்தின் ‘செம்ம வெயிட்டு’ பாட்டில் சந்தோஷ் நாராயணனோடு சேர்ந்தது தாராவியின் டோப்பெடெலிக்ஸ் குழு. அதற்குப் பிறகு எங்கள் பையன்களில் பாதிப் பேருக்கு ராப் மேல்தான் கண். அவர்களிடம் நான் சொல்வது: இரண்டு கார்ட் போதும், ஏ மைனர், ஈ7. மாற்றி மாற்றி ஓடவிட்டு அதன்மேல் பேசு. ஒன்று பதில் சொல்லும், ஒன்று கேள்வி கேட்கும்.

★ பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் தூங்கும்போது எப்படிப் பழகுவது? வலது கையை எடுத்துவிடுங்கள். இடது கையால் மட்டும் ஜி7, சி, ஜி7, சி என்று மாற்றிக்கொண்டே இருங்கள். விரல் கம்பியில் விழும் டக் டக் சத்தம் மட்டும்தான் வரும். கார்ட் மாற்றத்தில் தொண்ணூறு பங்கு வேலை அந்தக் கைக்குத்தான். தாராவிப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் செம்பூர்ப் பிள்ளைகளை முந்தினார்கள்.

★ செவன்த்தைக் கேட்க இசை படித்திருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் யாராவது அடுப்படியில் இருக்கும்போது ஜி, சி, டி7 என்று மெல்ல வாசித்து, டி7-இல் கையை எடுத்துவிடுங்கள். அந்தத் தோல் பைப் பையனின் வீட்டில் ஒரு காலை அது தானாகவே நடந்தது. டி7-இல் இருக்கும்போது குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சந்தில் சத்தம் கேட்டது. கிட்டாரை என் மடியில் போட்டுவிட்டுக் குடத்தோடு ஓடினான். அறையில் அந்தக் கார்ட் அடங்கிக்கொண்டிருந்தது. வாசலில் குத்தவைத்து வாரில் நூல் கோத்துக்கொண்டிருந்த அவன் அம்மா, தலைகூட நிமிராமல், ‘ம்ம்ம்’ என்று ஒரு சுரம் இழுத்தார். மூன்றாம் கம்பியைத் திறந்து மீட்டிப் பார்த்தேன். சரியாக ஜி.